வெளுத்த கால்கள்

குஞ்சு பொரிப்பகத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரியவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, கோழி டாக்டர், வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி. ஆறாவது ஆள் இல்லை.

கருங்கோழிதான் அந்தக் குடும்பத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. தோல், கால், எலும்புவரை கறுப்பு. முட்டை குறைவு, அடைக்கும் சரியாக உட்காராது. ஆனாலும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்குச் சூப்பு வைக்க அதைத் தேடி வருவார்கள். கலப்பில்லாத இனம் என்று பதிவு செய்வதற்காக டாக்டர் பத்து முட்டைகளை வாங்கிவந்து பொரிக்க வைத்திருந்தார்.

டாக்டர் குஞ்சுத் தட்டை வெளியே இழுத்தார். நான்கு குஞ்சுகளுக்குக் கால் வெளுத்திருந்தது.

"வெள்ளைச் சேவல் புகுந்திருக்கு. கூட்டை யார் பாத்துக்கிறது?"

"இவதான்," என்று தம்பி தன் மனைவியை முறைத்தான். "கதவைச் சாத்துன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்."

"நான் சாத்தாம ஒரு நாளும் வந்ததில்ல."

"எங்க சேவலைச் சொல்லாதீங்க," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "திறந்த கதவுக்கு அது காலிங் பெல் அடிச்சுட்டா வரும்?"

பெரியவர் வெளுத்த கால் குஞ்சுகளை எண்ணினார். ஒரு மாதத்துக்கு முன் சம்பந்தியைக் கூட்டிப்போய்க் கோழிகளைக் காட்டிப் பெருமை பேசிய மும்முரத்தில் தாழ்ப்பாளை மறந்தவர் அவர்தான். திரும்பி வந்தபோது வெள்ளைச் சேவல் மாப்பிள்ளைபோல நடுவில் நின்றது. சத்தமில்லாமல் விரட்டினார். அதன்பின் மூன்று வாரத்துக்குக் கோழிகள் இடும் முட்டைகளில் கலப்பு இருக்கலாம், நம்பக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். பத்தாம் நாளே டாக்டர் வந்து நின்றார். பொறுத்திருக்கச் சொன்னால் காரணம் கேட்பார். தன் கையாலேயே முட்டைகளைப் பொறுக்கி வைக்கோலில் வைத்துக் கொடுத்தார்.

"இனிமே கூட்டுப் பக்கம் போகாதே," என்றான் தம்பி.

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

பெரியவர் குஞ்சுகளை மறுபடி எண்ணினார். அதே நான்குதான் வெளுத்திருந்தன.

"கதவைத் திறந்து போட்டது நான்தான். தெரிஞ்சேதான் முட்டையைக் கொடுத்தேன்."

"அண்ணே, இவளுக்காக நீங்க ஏன்..."

"நடந்ததைச் சொல்றேன். குறுக்கே பேசாதே."

டாக்டர் பதிவுத் தாளை மடித்தார். "தெரிஞ்சே கொடுத்தீங்கன்னா இந்த வருஷம் பதிவு கிடையாதுங்க ஐயா."

வண்டியில் திரும்பும்போது தம்பி மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் பெரியவர் வாயெடுத்தார். வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பி மனைவியைக் காப்பாற்றப் பெரியவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், என்ன பெருந்தன்மை என்று தெருவில் பேசுகிறார்கள். அது பொய். தவறு அவருடையது. அதைச் சொல்லவும் அவர் தாமதித்தார்.