எவன் மண் இது

நனைத்துப் பிழிந்த துண்டை லீடா ஜன்னல் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"இது எவன் மண்ணு?"

அவள் திரும்பவில்லை. காற்று தொடங்கி ஐந்தாவது நாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது மேற்கிலிருந்து கிளம்பியது. வியாழக்கிழமை காலைவரை ஒரு மணி நேரம்கூட ஓயவில்லை. மார்ச் மாதம் காற்றடிப்பது கான்சஸின் மேற்கு ஓரத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு செய்தியே இல்லை. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் பனி விழவில்லை. அக்டோபருக்குப் பிறகு மழையும் இல்லை. யாரும் வெளியே நெருப்புப் பற்றவைக்காதீர்கள் என்று வானொலிக்காரர் காலையும் மாலையும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கேக்குறேன்ல. எவன் மண்ணு?"

"தெரியலப்பா. கொலராடோவுலேர்ந்து வருதோ என்னமோ."

"கொலராடோ மண்ணு வாயில வேற மாதிரி இருக்கும்." ஆர்லோ நாக்கால் உதட்டைத் துழாவினார். "இது இந்தப் பக்கத்து மண்ணு. ரோட்டுக்கு அந்தாண்டை ரூபெனோடது. அவன் அன்னைக்கும் அப்படித்தான், இன்னைக்கும் அப்படித்தான்."

இல்லைப்பா, இது நம் மண் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். லீடா துண்டின் இன்னொரு முனையை இடுக்கில் அழுத்தினாள்.

மண் அவருடையதேதான். வீட்டுக்கு மேற்கே சாலைவரை கிடக்கும் நூற்று அறுபது ஏக்கர், செப்டம்பரில் அவரே கோதுமை விதைத்த வயல், செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப்புறம் ரூபெனின் நிலத்தில் போன வருஷத்து அறுவடைத் தாள் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அங்கே ஒரு பிடி மண் அசையவில்லை. தாளை உழுது புதைக்காதீர்கள் ஆர்லோ, வறட்சி வருகிறது என்று ரூபென்கூட அப்போது வேலியோரம் நின்று சொன்னார். அப்பா கேட்கவில்லை. வயல் என்றால் துடைத்துவிட்ட மேசை மாதிரி இருக்கவேண்டும் அவருக்கு. நாற்பது வருஷம் சரியான நேரத்தில் மழை பெய்து அவர் மண்ணைக் கட்டிப்போட்டது. அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவனைக் குடிகாரன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவான். அவன் மண் பறக்கிறது என்று சொன்னால் அவன் பேரன்வரைக்கும் பேச்சு நின்றுபோகும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு வறட்சியில் ரூபெனின் நிலம் பறந்தது. தானியக் கிடங்கின் காப்பி மேசையில் பத்துப் பேர் முன்னால், "மண்ணக் கட்டி வைக்கத் தெரியாதவன் கோழி வளக்கப் போகட்டும்" என்றார் அப்பா. அதோடு விடாமல் வட்டார அலுவலகத்துக்கும் போன் போட்டார். மண் பறப்பதை நிறுத்தவென்று அவர்கள் ஆள் அனுப்பி ரூபெனின் கோதுமையை உழுதுபோட்டார்கள். அதன்பிறகு அம்மாவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வந்த அன்றைக்குத்தான் ரூபென் இந்த வீட்டு வாசற்படியை மிதித்தார்.

நுரையீரலில் வந்த கட்டிக்கு இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, அப்பாவை வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது. லீடா தன் பள்ளிக்கூட வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். தினமும் காலையில் அவர் முதலில் கேட்பது வலி மருந்தை அல்ல.

"கோதுமை எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்குப்பா."

முதல் வாரம் அது பாதி உண்மை. இரண்டாவது வாரம் கால் உண்மை. புதன்கிழமை அவள் வேலிவரை போய்ப் பார்த்தபோது பயிர் வேரோடு வெளியே தெரிந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை. வேலிக் கம்பியின் கீழ்வரிசை மண்ணுக்குள் போயிருந்தது. ரூபெனின் அந்த நிலம் மேற்கே இருந்தாலும் அவர் வீடு கிழக்கே அரை மைலில். இங்கிருந்து கிளம்புவதெல்லாம் நேராக அவர் வீட்டு முற்றத்துக்குத்தான் போய்ச் சேரும். உளிக்கலப்பை போட்டுக் கட்டி கட்டியாகப் பெயர்த்தால் மண் நிற்கும், பயிர் போய்விடும். அப்பாவைக் கேட்காமல் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாளாக அவள் துண்டு நனைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பத்து மணிக்கு வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் ரூபென். புருவம், காது மடல், சட்டைக் காலர் எல்லாம் மண். கையில் துணி மூடிய தட்டு.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று லீடா நினைத்தாள். நியாயமும் அதுதான்.

"வீட்டுல மில்டா குடுத்தனுப்பினா. முட்டக்கோசும் கறியும் வச்ச ரொட்டி. சூடா இருக்கு, மேல இருக்கிற துணிய உள்ள போய் எடு. இல்லேன்னா மண்ணு ரொட்டியாயிடும்." தட்டை நீட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "பாக்கலாமா?"

அவள் பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு, ரூபெனா? உள்ள வரச் சொல்லு அவனை."

ரூபென் கட்டிலருகே போய் நின்றார். எழுபத்தாறு வயசு மனிதர், தலைமை ஆசிரியர் அறையில் நிற்பதுபோல இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் கால் பங்காகச் சுருங்கியிருந்தாலும் கண்ணில் பழைய காரம் இருந்தது.

"ஏன்டா, உன் மண்ணு என் தொண்டையில வந்து உக்காந்திருக்கு, தெரியுதா?"

ரூபென் தலையைத் தூக்கி லீடாவைப் பார்த்தார். லீடாவுக்கு முகம் சுட்டது. தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தரையைப் பார்த்தாள்.

ஜன்னல் சட்டம் காற்றில் நடுங்கியது.

"ஆமா ஆர்லோ," என்றார் ரூபென். "கொஞ்சம் கெளம்பிடுச்சு."

"கொஞ்சமா? அஞ்சு நாளா தின்னுட்டிருக்கேன். எனக்கு சோறே வேணாம் போ." இருமல் வந்து, அடங்க நேரமாயிற்று. "உழுதியா இல்லையா?"

"இன்னும் இல்ல."

"ஏன்? கோதுமை போயிடுமேன்னு பாக்குறியா?"

"அப்படித்தான் இருந்தது."

"போனா போகட்டும்டா. கோதுமை அடுத்த வருஷம் வரும். மண்ணு போச்சுன்னா உன் பாட்டன் வந்தாலும் தர மாட்டான். ஆம்பளயா இருந்தா இன்னைக்கே போய் உழு."

"சரி ஆர்லோ. இன்னைக்கே உழுதுடறேன்."

"மேக்கு ஓரத்துலேர்ந்து ஆரம்பி. காத்துக்குக் குறுக்க."

"சரி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க லீடாவால் முடியவில்லை.

வெளியே வண்டி மறைவில் நின்றால்தான் பேச்சு காதில் விழும். அங்கே போய் நின்றார்கள்.

"ரூபென், நான்..." அவளுக்கு அழுகை வந்தது. "வாயத் தெறந்து சொல்லியிருக்கணும். சொல்ல முடியல. உங்கள இப்படி நிக்க வச்சுட்டேன்."

"என்னன்னு சொல்லுவ? இந்த நேரத்துல அந்த மனுசன்கிட்ட அதச் சொல்ல முடியுமா? விடு." ரூபென் மேற்கே பார்த்தார். சாலை தெரியவில்லை. வயல் இருந்த இடத்தில் பழுப்பாக ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "உழச் சொல்லிட்டாரு. எந்த வயலுன்னு சொல்லல. கலப்பைய மாட்டிட்டு வரட்டுமா?"

இதைக் கேட்கத்தான் அவரும் காலையில் கிளம்பி வந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ரொட்டி ஒரு சாக்கு.

"ஒரு பட்டை ஓட்டி ஒரு பட்டை விடுறேன்," என்றார். "எதாவது மிஞ்சினா மிஞ்சட்டும்."

லீடா தலையசைத்தாள். அப்பாவின் கடைசிக் கோதுமையை உழுதுபோட அவள்தான் சரி சொன்னாள். வேறு யாரும் இல்லை.

பதினோரு மணிக்கு டிராக்டர் சத்தம் கேட்டது. மேற்கு ஓரத்தில், சாலையை ஒட்டி, மிகத் தூரத்தில். அப்பா கண் திறக்காமல் உதட்டோரம் சிரித்தார்.

"கெளம்பிட்டான் பாரு. ஒருத்தன் சொன்னாத்தான் ரோசம் வருது."

"ஆமாப்பா."

மதியத்துக்கு மேல் மூச்சு மாறியது. பத்து எண்ணும்வரை நின்று, பிறகு பெரிதாக ஒன்று வரும். லீடா நர்ஸ் டார்லாவுக்குப் போன் செய்தாள். மண்புயலில் எட்டு வண்டிகள் மோதி நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், எந்தப் பக்கமும் வர வழியில்லை என்றாள் டார்லா. "நாக்குக்கு அடியில அந்த மருந்த விடுங்க. கையப் பிடிச்சிட்டு உக்காருங்க. இனிமே நான் வந்தாலும் இதத்தான் செய்வேன், லீடா."

மருந்து விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வடக்கே போய்த் தெற்கே திரும்பி, மறுபடி வடக்கே. ஒவ்வொரு திருப்பத்துக்கும் டிராக்டர் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தது. இதை அவள் யோசித்திருக்கவில்லை. ரூபெனின் நிலத்தில் ஓடும் டிராக்டர் சாலையோடு நின்றுவிட வேண்டும். இது சாலையைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு வயலின் நடுவில். மூன்று மணிக்கு ஜன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில். ரூபெனை நிறுத்தச் சொல்ல ஓடலாம் என்றால் அப்பாவின் கை அவள் கைக்குள் இருந்தது. எழுந்து போன அந்த ஐந்து நிமிஷத்தில் அது நடந்துவிட்டால் என்ன செய்வாள்.

"சத்தம் கிட்ட வருதே," என்றார் அப்பா. வெகுநேரம் கழித்துப் பேசிய பேச்சு.

"காத்துப்பா. காத்து கொண்டாந்து விடுது."

அவர் அவளைப் பார்த்தார். ஐம்பத்தொரு வயதில், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையைப்போல அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். போதும், சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ரூபெனைப் பற்றி ஒரு தடவையாவது அப்பா வாயால் நல்லவிதமாகச் சொல்லவைத்துவிட்டு அவரை அனுப்பலாம்.

"அப்பா, ரூபென் மேல தப்பு ஒண்ணும் இல்..."

"பேசாம இரு," என்றார். "கேக்க விடு."

கேட்டார். டிராக்டர் வடக்குக் கோடியில் திரும்பி, முழு நீளமும் ஒரே சீராக இறங்கி வந்தது. எங்கும் இழுக்கவில்லை, திணறவில்லை. பக்கக் காற்று அடிக்கிற அந்த மண்ணுக்குள் முன்னால் பத்தடிகூடத் தெரிந்திருக்காது.

"நேரா ஓட்டுறான்," என்றார் ஆர்லோ.

அதற்குப் பிறகு ஆறு மூச்சோ ஏழு மூச்சோ. லீடா அடுத்ததற்கு எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பதுவரை எண்ணினாள், நாற்பதுவரை எண்ணினாள். டிராக்டர் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்பிவந்தது. அதற்குமேல் எண்ணவில்லை.

டார்லாவிடம் சொன்னபோது மணி நாலே கால். சவப்பெட்டிக்காரர்கள் சாலை திறந்தால்தான் வருவார்கள். எப்போது திறக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை. அதுவரை என்ன செய்யவேண்டும் என்று லீடா கேட்டாள். ஒன்றும் செய்யவேண்டாம் என்றாள் டார்லா. மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

கழுத்துத் துணியை மூக்குக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு வேலிக்குப் போனாள். டிராக்டர் அவளைப் பார்த்து நின்றது. ரூபென் இறங்கிவந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எப்போ?"

"இப்பத்தான். முக்கா மணி நேரம் இருக்கும்."

அவர் காற்றுக்கு மேல் கேட்கவேண்டும் என்று குனிந்து அவள் காதருகே கேட்டார். "தெரிஞ்சிருச்சா அவருக்கு?"

"தெரியல ரூபென். கிட்ட வருதேன்னாரு. நான் காத்துன்னேன்." மூக்கின் மேலிருந்த துணியைக் கீழே இழுத்தாள். "அப்புறம், நேரா ஓட்டுறான்னாரு. அதுதான் கடைசி."

"என்னன்னாரு?"

"நேரா ஓட்டுறான்."

ரூபென் திரும்பித் தான் உழுத பக்கத்தைப் பார்த்தார். பார்க்க அங்கே அதிகம் ஒன்றுமில்லை. கட்டி புரண்ட பட்டைகளில் மண் நின்றிருந்தது. விட்ட பட்டைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கங்கே கொஞ்சம் பச்சை.

"வீட்டோரமா மூணு சால் பாக்கி," என்றார். "முடிச்சிடறேன்."

ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். லீடா வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிராக்டர் அப்பாவின் ஜன்னலைத் தாண்டி நிதானமாக வடக்கே போயிற்று. ரூபென் தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. புருவத்துக்குக் கீழே வெயிலிலும் மண்ணிலும் கருத்த முகம். அதற்கு மேலே, எப்போதும் தொப்பிக்கு அடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும் ஊர் பார்க்கிற அந்த வெள்ளை நெற்றி, டிராக்டரின் கண்ணாடிக்குள் மண் மறைக்கும்வரை தெரிந்துகொண்டே போயிற்று.