வளைக்குள் நாலு வரி

...இல்லை, இதுவும் சரிப்படாது, ‘மாணிக்கமே’ என்று தட்டி அழித்தான், ‘குலவிளக்கே’ என்று தட்டி அதையும் அழித்தான், அண்ணன் தாவீது என்ன குலவிளக்கா, வேன் ஓட்டினவன், கல்பாக்கம் ஆபீசுக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு வருகிறவன், இன்று விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை, இப்போது வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறான், தம்பி ஆல்வின் புதுப்பட்டினம் கடைத்தெருவில் தன் டிசைன் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனுக்கே பேனர் போட்டுக்கொண்டிருக்கிறான், என்ன பிழைப்பு இது? செங்கல்பட்டில் மோகன் பிளெக்ஸ் மெஷினோடு காத்திருக்கிறான், பன்னிரண்டுக்குள் ஃபைல் போனால்தான் அடக்கத்துக்கு முன்னால் தெருமுனையில் பேனர் ஏறும். ‘கண்ணீர் அஞ்சலி’ சிவப்பில் போட்டாயிற்று, படம் வைத்தாயிற்று, தேதிகள் போட்டாயிற்று, படத்துக்குக் கீழே நாலு வரிக்கான இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

ஊரில் யார் செத்தாலும் அந்த நாலு வரி ஆல்வினுடையதுதான், வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுவான், தாவீது ஒவ்வொரு பேனருக்கு முன்னாலும் வேனை நிறுத்தி வாய்விட்டுப் படிப்பான், உள்ளே இருப்பவர்கள் நேரமாச்சு என்று முனகினாலும் காதில் வாங்கமாட்டான், “எங்க தம்பி எழுதினது சார்!” போன மாதம் செத்த கேசவனின் பேனரைப் படித்துவிட்டு அண்ணன் நேரே கடைக்கு வந்து சிரித்தானே, “டேய் நைனா, எனக்கு எழுதறப்போ பழைய ஃபைலத் தொறந்தின்னா கண்டுபுடிச்சிடுவேன்”... என்ன வாய் அது, எந்த நேரத்தில் சொன்னானோ பாவி. அந்தப் பழைய ஃபைல்தான் இப்போது பக்கத்து விண்டோவில் திறந்திருக்கிறது, பேரை மாற்றினால் போதும், அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும், யாருக்குத் தெரியப்போகிறது, கண்டுபிடிக்கிறேன் என்றவன்தான் பெட்டிக்குள் இருக்கிறானே. விரல் மவுஸ் மேலேயே இருந்தது.

அண்ணி ரூத் போன் பண்ணினாள். “ஆல்வினு, இன்னா பண்ணிகினு கீற? ஜனம் வர ஆரம்பிச்சிட்ச்சி. ஊருக்கெல்லாம் எழுதின, உங்க அண்ணனுக்கு வரலியா உனக்கு?” அழுகையே இல்லாத குரல், அதுதான் பயமாக இருந்தது. “இதோ முடிஞ்சிச்சி அண்ணி” என்று பச்சைப் பொய் சொன்னான். எங்கே முடிந்தது, உள்ளே ஏதோ இருப்பது தெரிகிறது, கிட்டே போனால் ஒளிந்துகொள்கிறது, கடற்கரையில் அந்த வெள்ளை நண்டு போல, வளை வாயில் கண்ணை மட்டும் தூக்கிப் பார்க்கும், அடி வைத்தால் போச்சு. பாய்ந்து பிடித்தால் ஒரு கால் மட்டும் கையோடு வரும், மாணிக்கம், குலவிளக்கு எல்லாம் அப்படிப் பிய்ந்து வந்த கால்கள்தான், நண்டு உள்ளேயே இருக்கிறது. சின்ன வயதில் இவன் வளைக்கு வளை ஓடி மிதிப்பான், தாவீது மண்ணில் குந்திக்கொண்டு கத்துவான், “பேஜாரு பண்ணாதடா! நீ காலை ஆட்டினா அது எப்டி வரும்? சும்மா குந்து!”

காலா... மேசைக்கடியில் பார்த்தான், வலது கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது, காலையிலிருந்தே ஆடியிருக்க வேண்டும், யூபிஎஸ் பெட்டிகூட அதிர்ந்தது. முட்டியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். மூச்சை விட்டான். பழைய ஃபைலை மூடினான். அப்போது அது தானாகவே வெளியே வந்தது, பக்கவாட்டில், அவசரமே இல்லாமல்: நீ வண்டியை நிறுத்திப் படிக்காத முதல் பேனர் இது, அண்ணே.

இதுதான், தாவீதுக்கே உரியது, வேறு எந்தச் சாவுக்கும் பொருந்தாது. ‘நீ’ என்று தட்டினான். அதற்குமேல் விரல் நகரவில்லை. இதை அடித்து முடித்தால் பேனர் ஏறிவிடும், வேன் நிற்காது, யாரும் வாய்விட்டுப் படிக்கமாட்டார்கள், அண்ணன் செத்துப்போனது நிஜமாகிவிடும்... அப்படியானால் காலையிலிருந்து நண்டுக்குப் பயமா, எனக்கா? வெளியே வந்துவிடக்கூடாது என்றுதான் மிதித்துக்கொண்டிருந்தேனா? மோகன் கூப்பிட்டான், போன் மேசையில் அடித்துக்கொண்டே இருந்தது. கால் மறுபடியும் ஆடத் தொடங்கியிருந்தது, இந்தத் தடவை ஆல்வினுக்கு அது தெரிந்தது, ஆனாலும் அதை நிறுத்தவில்லை.