கல்லீரலுக்கு ரோஜா

மூன்றரை மணிக்கு லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றது. வைலான் அடுப்பைத் தணித்தாள்.

தென்சீனாவின் ஃபோஷானில் மார்ச் மாதம் சுவர்கள் வியர்க்கும். சமையலறை ஓடுகளில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. லில்லிக் கிழங்கும் சிவப்பு இலந்தையும் வெந்திருந்தன. பூக்களைக் கடைசியில்தான் போட வேண்டும், கொதித்தால் கசந்துவிடும். வாகைப்பூ ஒரு பிடி, ரோஜா மொட்டு ஒரு பிடி போட்டு மூடினாள்.

ஜனவரிக் குளிரில் கணவன் கின்போவின் காரில் ஒரு பெண்ணின் குடை கிடந்தது. யாருடையது என்று அவனைக் கேட்டாள். அவன் சிரித்தான். பதில் சொன்னது மாமியார்.

"உனக்குக் கல்லீரல்ல அடைப்பு. அடைப்பு இருந்தா நாய் குரைச்சாக்கூட நம்மளத் திட்டுற மாதிரிதான் கேக்கும். இதைக் குடி, மனசு அடங்கும்."

அன்றிலிருந்து இந்தப் பூத்தேநீரைத் தினமும் குடித்தாள். பொய் சொல்வது தன் கல்லீரல்தான், கணவன் இல்லை என்று ஆகிவிட்டால் போதும். கொஞ்சம் தூக்கமும் வந்தது.

போன வருடமும் இதே தேநீர்தான். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம், ஓயாத படபடப்பு. மாமியார் கிண்ணத்தை நீட்டியபோது தயங்கினாள்.

"ரோஜா போட்டிருக்கே அத்தை. வயித்துல புள்ள இருக்கறப்போ ஆகாது, கலைஞ்சிடும்னு எங்கம்மா சொல்வாங்க."

"அதெல்லாம் பழைய கதை. காலேஜ் படிச்சவ நீயே நம்புறியா?"

வைலானுக்கு வெட்கமாகப் போயிற்று. குடித்தாள். அந்த வாரமே கலைந்தது. சில கரு தங்காது என்றார் டாக்டர். அதையும் நம்பினாள்.

கதவு திறந்தது. கின்போவின் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள்.

"மான்யீ. ஆபீஸ்ல கூட வேலை பாக்குறா," என்றான்.

மாமியார் குனிந்து, வீட்டுக்குள் போடும் செருப்பை அவள் காலடியில் வைத்தாள். விருந்தாளிகளுக்கான பழைய செருப்பு அல்ல. புதியது. அளவு சரியாக இருந்தது.

மான்யீயின் தலை நனைந்திருந்தது.

"குடை கொண்டு வரலியா?" என்றாள் வைலான்.

"ஒண்ணு இருந்துச்சுக்கா. எங்கயோ விட்டுட்டேன்."

கின்போ கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வைலான் நான்கு கிண்ணங்களில் ஊற்றினாள்.

"எங்க வீட்ல இந்த டீ ஓயாம கொதிக்கும்," மாமியார் மான்யீயிடம் சொன்னாள். "இவளுக்குச் சந்தேக வியாதி. பானை பானையாக் குடிக்கிறா, அடங்க மாட்டேங்குது."

"விடுங்கம்மா," என்றான் கின்போ. அவன் உதட்டில் சிரிப்பு இருந்தது.

மான்யீ நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள். உதட்டருகே போவதற்குள் மாமியாரின் கை குறுக்கே பாய்ந்தது. சூடான தேநீர் மாமியாரின் மணிக்கட்டில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"நீ குடிக்காத."

"வாசனையா இருக்கேம்மா."

"ரோஜா இருக்கு. உனக்கு இப்ப ஆகாது."

மான்யீயின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. கின்போ கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

மாமியார் அந்தக் கிண்ணத்தை வைலான் பக்கம் தள்ளினாள்.

"வீணாக்க வேணாம். இதையும் நீயே குடிச்சிடு. குடிச்சிட்டு, அவளுக்கு வெறும் இலந்தை மட்டும் போட்டு ஒரு கிண்ணம் கொண்டா."

கிண்ணத்தில் ஒரு மொட்டு ஊறி விரிந்திருந்தது. வைலான் அதையே பார்த்தாள்.

"அது பழைய கதைன்னு சொன்னீங்களே, அத்தை?"