காலி அறையில் இருந்த சாமான்கள்

"யாரைக் கேட்டுப் பூட்டை ஒடைச்சீங்க?" என்று தையல்காரம்மா கத்த, "என் வீடு, என் ரூமு, நான் எவரைக் கேக்கணும்?" என்று வீட்டுக்காரர் பதிலுக்குக் கத்த, ஒரு துரும்புகூட இல்லாத பின்னறைக்குள் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த மெஷினைப் போன மாதமே பழைய இரும்புக்காக உடைத்தாகிவிட்டது. ஒரு பாவாடை விளிம்பு தைக்கிற நேரம் ஓடிவிட்டு நின்றது. இருவரும் வாயை மூடினார்கள். காலையிலிருந்து தெருவுக்குக் கிடைத்த நிம்மதி அது ஒன்றுதான்.

வீட்டுக்காரருக்குத் தெருவில் 'சட்டம்' என்று பெயர். பக்கத்து வீட்டு முருங்கைக்கிளை சுவரைத் தாண்டினால்கூடப் பிரிவு எண் சொல்லுவார். கால் முறிந்த தங்கையைப் பார்த்துக்கொள்ள வெளியூர் போன தையல்காரம்மா, தான் வாடகைக்கு இருந்த பின்னறையில் சாமான்களைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். இதற்கிடையில் சட்டத்தின் தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டோடு தங்குவார் என்று பேச்சு. அறை வேண்டும். குடியிருப்பவர் பொருளை அகற்றுமுன் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், பட்டியல் போட வேண்டும், முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அறிவிப்பை முத்து முத்தாக எழுதினார். பூட்டை உடைத்து உள்ளே போய், தையல்காரம்மாவின் பீரோ மேலேயே அதை ஒட்டினார். கதவைச் சாத்திவிட்டு முப்பது நாளை விரல் விட்டு எண்ணினார். முப்பத்தோராம் நாள் பீரோவும் அறிவிப்பும் மற்ற சாமான்களோடு பழைய சாமான் வண்டியில் ஏறிப் போயின.

மறுநாள் பெருக்கப் போன வீட்டுக்காரம்மாவின் நெற்றியில் பீரோ முனை இடித்துப் புடைத்தது. எதிரே வெறும் சுவர்தான். நகர்ந்தால் முழங்காலில் கட்டில் விளிம்பு. அடுத்த அடியில் உள்ளங்காலில் ஊசி ஏறியது. பிடுங்கிப் பார்த்தார், விரல்களுக்கு நடுவே ஒன்றுமில்லை, ரத்தம் மட்டும் வந்தது. வண்டியேற்றத் தூக்கும்போது பழைய சாமான்காரர் ஊசி டப்பாவை அறைக்குள்ளேயே கவிழ்த்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. பத்து வருஷம் தவமிருந்து பெற்ற பெண் குழந்தை, தவழத் தொடங்கி நாலு நாள்தான் ஆகிறது. அன்றிலிருந்து கதவை நாற்காலி போட்டு அடைத்தார். "வெளியே சொல்லிடாதே" என்றார் சட்டம். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எப்படி என்பது இங்கே தேவையில்லை.

சண்டையன்று, தையல்காரம்மாவுக்குக் காலி அறையைக் காட்டுவதற்காகச் சட்டம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். மெஷின் நின்ற அமைதியில் வீட்டுக்காரம்மா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். குழந்தை இல்லை. அது அறையின் நடுவே உட்கார்ந்து, அந்தரத்தில் எதையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கறக், கறக் என்று இரும்பு வாய் திறந்து மூடுகிற சத்தம்.

"ஐயோ, கத்தரி!" என்றார் தையல்காரம்மா.

சட்டம் பாய்ந்தார், பீரோவில் மோதி மல்லாந்தார். வீட்டுக்காரம்மா தையல்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, உங்க கால்ல விழறேன், உள்ளே ஊசி வேற கொட்டிக் கிடக்கு, எது எங்க இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"ஊசி எந்தப் பக்கம் கொட்டுச்சு? பட்டியல் போட்டீங்களா, இல்லையா?"

"போடலைங்க" என்றார் தரையிலிருந்த சட்டம். அவர் வாயில் 'ங்க' வந்ததைத் தெரு முதன்முதலாகக் கேட்டது.

தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாட்டில் பீரோவைத் தாண்டி, கட்டிலுக்காகக் காலைத் தூக்கி, மெஷின் பலகையைக் கையால் தடவிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் "ஸ்ஸ்" என்றார், நிற்கவில்லை. குழந்தையின் பிஞ்சு விரல்களைப் பிரித்துக் கனமான ஒன்றை எடுத்து உயரத்தில் எங்கோ மாட்டினார். 'டங்' என்றது. குழந்தையின் உதட்டோரம் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. குழந்தையைத் தூக்கிவந்து தாயின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா அழுதபடியே அவர் பாதத்தில் ஒவ்வொரு ஊசியாகத் தடவிப் பிடுங்கினார்.

பட்டியல் அன்றே போடப்பட்டது. தையல்காரம்மா தொட்டுத் தொட்டுச் சொல்ல, சட்டம் எழுதினார்: நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. வாடகை அதிகாரி சரிபார்க்க வந்து, முட்டியில் இடித்துக்கொண்டு, முத்திரை குத்தி, அறை தையல்காரம்மாவுக்கே என்றார். மிச்ச ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்க ஒரு வாரம் ஆயிற்று. ஒட்டியது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, காந்தம் மட்டும் கனத்துக்கொண்டே போனது. அந்த வருஷமே சட்டத்தின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாண ரவிக்கை பின்னறையில் அந்த மெஷினில்தான் தைத்தது, தையல் பிசிறில்லை. அளவு கொடுக்கப் போன மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி வெறுங்காற்றில் மாட்டினார், அது பாட்டுக்குத் தொங்கியது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்க இடமில்லாததால், இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள்.