விசிலின் எடை

தொண்டைப் புற்றுநோய் குணமாகி வேலைக்குத் திரும்பிய லாரி டிரைவர் விசில், சரக்கு யார்டின் எடைமேடையில் தனி ஆளாக ஏறி நின்றபோது அது நாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ காட்டியது. முந்தின நாள் டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் நாற்பத்து மூன்று என்றுதான் எழுதியிருந்தார். மீதி எடை முழுவதும் அந்தச் சீட்டோடு பின் குத்தியிருந்த பில்லில் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. எடைமேடையை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்பவரை யார்டில் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் அவருக்கே அவ்வப்போது மறந்துபோகும். விசிலும் அவரும் ஒரே நாளில் யார்டில் சேர்ந்தவர்கள். தராசு பதறவில்லை. மேடைக்கு அடியில் உள்ள பள்ளத்தில் இறங்கி, கல் சிக்கியிருக்கிறதா, மழைத்தண்ணீர் நிற்கிறதா, எலி வயரைக் கடித்துவிட்டதா என்று பார்த்தார். முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தார், இருபது காட்டியது. விசிலை இறங்கச் சொன்னார், ஜீரோ காட்டியது. ஏறச் சொன்னார், மறுபடி நாலாயிரத்து முந்நூற்று இருபது. சீட்டை அச்செடுத்துக் கிழித்து அவர் கையில் கொடுத்து, "மிஷின் சரியாத்தான்டா இருக்கு" என்றார்.

அன்றைக்கே விசிலின் வீட்டில் கட்டிலின் நாலு காலும் போயின. நாற்காலிகள் அந்த வாரத்துக்குள் முடிந்தன. அவர் சிமென்ட் தரையில் பாய் விரித்துப் படுத்தார். தரை அவர் படுத்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் கோலிக்குண்டை எந்த மூலையில் வைத்தாலும் அது உருண்டு அப்பாவிடம் வந்து நின்றது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கீழ் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. அவர் கூட்டிவந்த கொத்தனார் மேலே பார்த்து, கீழே பார்த்து, இப்படியே போனால் மழைக்காலம் தாண்டாது, ஆளோடு தளம் கீழே வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தன் கூலியை வாங்கிக்கொண்டு போனார். லாரி முதலாளி கெட்டவர் இல்லை, ஆனால் கணக்குப் பார்ப்பவர். "உன்ன ஏத்தினா நாலு டன் சரக்க இறக்கணும். நீயே ஒரு லோடுப்பா. எறக்கிட்டு வா, வண்டி உனக்குத்தான்" என்றார். வேலைக்குப் போனால்தான் பில் கட்ட முடியும், பில் கட்டினால்தான் வேலைக்குப் போக முடியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

மருத்துவமனைக் கவுன்ட்டரில் யார் போய் எவ்வளவு கட்டினாலும் அவ்வளவு எடை விசிலிடமிருந்து இறங்கிக் கட்டியவர் உடம்பில் ஏறும் என்பதைத் தராசுதான் கண்டுபிடித்தார். அந்த மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்பும்போது அவருடைய சைக்கிள் டயர் இரண்டும் ஒன்றாக வெடித்தன. ஏறிய எடை உழைத்து உழைத்துத்தான் கரையும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவர் யார்டில் ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். ஒரு காண்ட்ராக்டர் எல்லோர் முன்னாலும் லாரிப் படியில் ஏறி நின்று, விசில் என் தம்பி மாதிரி, ஐந்நூறு கிலோவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பேசினார், கைதட்டினார்கள். மேடையில் பத்துக் கிலோகூடக் குறையவில்லை. வாயால் வடை சுடுகிறவர்களை அந்த மிஷின் ஒரு நொடியில் காட்டிக்கொடுத்தது. தராசுக்கு அதில் ஒரு திமிர் வந்தது என்றே சொல்லலாம்.

அந்தத் திமிரில்தான் அவர் தவறு செய்தார். கேன்டீன் அக்கா வாராவாரம் கட்டுவதாகச் சொன்னாள். முதல் வாரம் விசிலை ஏற்றிப் பார்த்தார், எண் மாறவில்லை. இரண்டாம் வாரமும் மாறவில்லை. கேன்டீனில் இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "முடியலன்னா முடியலன்னு சொல்லுங்கக்கா, மேடைக்கு எல்லாம் தெரியும்" என்றார். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வாரம் எண் சட்டென்று பத்துக் கிலோ இறங்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: லாரி எடை போடும் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். அக்கா வாரத்துக்கு இரண்டு கிலோ கட்டியிருக்கிறாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. மற்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மேடைக்காரருக்கு மறந்துபோயிருந்தது. அதே கேன்டீனில், அதே கூட்டத்தில், அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். "சரி, சாம்பார் ஆறுது, சாப்பிடு" என்றாள். அதற்குப் பிறகு கேட்காமலேயே ஆட்கள் வந்தார்கள். டிரைவர்கள், கிளீனர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், டயர் கடைக்காரர் என்று ஐம்பத்தோரு பேர் ஆளுக்கு முப்பது, நாற்பது என்று ஏற்றிக்கொண்டார்கள். அந்த வருடம் யார்டில் எல்லோருடைய செருப்பும் சீக்கிரம் தேய்ந்தது.

அப்படியும் இரண்டு டன்னுக்கு மேல் நின்றது, மழைக்காலமும் நெருங்கியது. தராசு வீட்டில் சொல்லாமல் தன் பி.எஃப். பணத்தின் மேல் கடன் எடுத்துக் கட்டினார். ஒரே நாளில் ஆயிரத்து அறுநூறு கிலோ. வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் கல் இரண்டாகப் பிளந்தது. செருப்புத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி வெளியே வந்து கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"எவ்வளவுங்க?"

சொன்னார்.

"நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையே உங்களுக்கு."

மூன்றாம் நாள் அவள் தன் வளையல்களை விற்று, அந்தக் கடனில் பாதியை அடைத்துவிட்டு வந்தாள். எண்ணூறு கிலோ அவள் பக்கம் மாறியது. அவள் வீட்டுக்குள் நடக்கும்போது அலமாரியில் டம்ளர்கள் குலுங்கின. கணவன், மனைவி இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தால் பக்கத்து வீட்டில் விளக்கு ஆடியது. அவள் அவரை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், அது வேறு, எடை வேறு என்பாள்.

எடை ஒரு டன்னுக்குக் கீழே வந்ததும் முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். விசில் வண்டி ஓட்டினார், மீதியைத் தானே உழைத்துக் கட்டினார். இரண்டாம் வருடம் அவர் மேடையில் ஏறியபோது அறுபது காட்டியது. யார்டில் அன்று ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். அதிலிருந்து மாதம் முதல் தேதி அவரை மேடையில் ஏற்றி ஒரு சீட்டு அச்செடுப்பது இருவருக்கும் ஒரு விளையாட்டு. மூன்றாம் வருடம் சீட்டில் ஐம்பது வந்தது. அடுத்து நாற்பது. அலைச்சல் அதிகம் என்று விசில் சமாளித்தார். அதற்கடுத்த மாதம் விசில் முதல் தேதி வெளியூர் லோடு ஏற்றினார். அடுத்த மாதமும் வெளியூர் லோடு என்றே சொல்லியனுப்பினார். தராசு மேடையைப் பூட்டிவிட்டு நேராக அவர் வீட்டுக்குப் போனார். விசில் பழைய குழியில் படுத்திருந்தார். காற்றாடி போட்டால் ஆள் நகர்ந்துவிடுகிறார் என்று, அவருடைய மனைவி காற்றாடியை நிறுத்திவிட்டு விசிறியை எடுத்துவைத்திருந்தாள். நோய் திரும்பிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை, மனைவியையும் சொல்லவிடவில்லை.

"ஏன்டா சொல்லல?"

அறுவை சிகிச்சைக்குப் பிறகு விசிலுக்கு மிஞ்சியது தேய்ந்த குரல்தான். "அம்பத்தோரு பேரு. உன் பொண்டாட்டி. இன்னொரு தடவ ஏத்தவாடா?"

"ஏத்து. யாரு கேட்டா உன்ன?"

"தர தாங்காதுடா."

"தர போனா போகட்டும்டா! நாங்க தூக்கினது நீ இப்படிப் படுத்துச் சாகவா?"

தராசு அழுதார். கோபத்தில்தான் அழுதார், இத்தனை பேர் சுமந்த ஆளை, அவர்கள் சுமந்ததையே காரணம் காட்டிச் சாவு கூட்டிப்போகிறதே என்ற கோபம். பிறகு அவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒரு தலையணை கனம்கூட இல்லை. மருத்துவமனையில், நான்கு மாதம் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள். பொறுப்பு ஏற்பவர் என்று போட்டிருந்த இடத்தில் தராசு கையெழுத்துப் போட்டார். விசில் பத்தொன்பது நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் கட்டிலோடு ஒரு துணியால் தளர்வாகக் கட்டிவைத்திருந்தார்கள், மேலே போய்விடாமல் இருக்க.

இறந்தவர் மேல் எடை நிற்காது, கையெழுத்துப் போட்டவர் மேல்தான் இறங்கும். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ. புதைத்த அன்று மழை ஈரத்தில் தராசு முழங்கால் வரை மண்ணில் இறங்கிவிட்டார். யார்டு கிரேனைக் கொண்டுவந்துதான் எடுத்தார்கள். போன ஆளுக்கு இனி எதற்குப் பணம் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் லாரி வருவதற்கு முன்பே ஆட்கள் மேடைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள், பழைய எடையே இன்னும் கரையாதவர்கள்கூட. தராசை நடுவில் நிறுத்தினார்கள். கவுன்ட்டருக்குப் போய்வந்தவர்கள் ரசீதைக் காட்டக் காட்ட எண் முப்பது, நாற்பது என்று இறங்கியது. விசிலின் மனைவி ஊறுகாய் பாட்டில் மூடும் வேலைக்குப் போய்த் தன் பங்கை ஏற்றிக்கொண்டாள். பதினாறு மாதத்தில் பில் அடைந்தது. மேலும் ஒரு வருடத்தில் எல்லோருக்கும் எடை கரைந்தது.

தராசுக்கு மட்டும் ஒரு ஆள் எடை கரையவில்லை. பில்லில் பாக்கி ஒரு பைசா இல்லை என்று மருத்துவமனை எழுதிக்கொடுத்தும் கரையவில்லை. அவர் மனைவி ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாதிய எனக்குத் தாங்க" என்றாள்.

"இது பில்லு இல்லம்மா," என்றார் அவர். "இத விட்டுடு."

அவளும் விட்டுவிட்டாள். இப்போது அவர் தினமும் காலையில் பேருந்தில் வேலைக்குப் போகிறார். இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து, இரண்டு டிக்கெட் கேட்கிறார். கண்டக்டர் இரண்டையும் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போகிறார்.