சாகியாசி கொண்டுவந்த வேர்

காலையில் பட்டாளம் தீவின் தலைநகரான சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மந்திரிகளைத் துப்பாக்கி முனையில் லாரியில் ஏற்றியது. விவசாய மந்திரி ராம்ஜதன் மட்டும் வயிற்றுக்கடுப்பென்று பா ஊர் வீட்டிலேயே தங்கியிருந்ததால் தப்பினார். கரும்புச் சங்கத்தில் ஆயுசெல்லாம் தொண்டை கிழியக் கத்திப் பிடித்த நாற்காலி, சூடேறுவதற்குள் போயிற்று.

அவர் மனைவி பிரேம்வதி தம்பிக்குப் பேச ரிசீவரை எடுத்தாள். டெலிபோன் செத்துக் கிடந்தது. லௌடோக்காவில் தம்பி வீட்டுக்குப் போய்விடலாமென்று மத்தியானமெல்லாம் கெஞ்சினாள். மனுஷன் காதில் வாங்கினால்தானே! ஓட்டுப் போட்ட சனத்தை விட்டு ஓடினால் நாளைக்கு எந்த முகத்தோடு வந்து நிற்பது என்றார். வாய்தான் அப்படிப் பேசியது, டீயெல்லாம் வேட்டியில் சிந்தியது.

நாய் குரைத்தது. இருவருக்கும் உயிரே போய் வந்தது.

வந்தது சாகியாசி, பட்டாளத்தாரைப் போலவே தீவின் பூர்வகுடிக்காரன். இவர்கள் கரும்பு போட்டிருக்கும் நிலம் அவன் குலத்தாருடையது. தினமும் கொல்லைப்புறமாக வந்து ராம்ஜதனோடு யாங்கோனா வேர்ச்சாறு குடிக்கிறவன், இன்று கோட்டு மாட்டிக்கொண்டு முன்வாசலில் வந்தான். பாயில் உட்கார்ந்து யாங்கோனா வேர்க்கட்டை முன்னால் வைத்து, தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். அப்படி வைத்த வேரை எடுத்துவிட்டால் அப்புறம் பகை பாராட்டக்கூடாது. அது அந்த மண்ணின் கட்டு.

தன் இனத்தார் இந்திய மந்திரிகளுக்குச் செய்ததற்கு வெட்கப்படுகிறான் என்று ராம்ஜதன் நினைத்துக்கொண்டார். ஊர் ஊராய் வேர் வாங்கிப் பழகிய கை, சட்டென்று எடுத்தது. ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக மூன்று முறை கையும் தட்டிவிட்டார்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள் பிரேம்வதி.

சாகியாசி நிமிரவில்லை. "என் மூத்த மகன் பட்டாளத்துல இருக்கான்ல, அண்ணி. அண்ணன் எங்கன்னு கேட்டான். வீட்லதான் இருக்காருன்னு சொல்லிட்டேன். சொல்லலன்னா அவனைக் கொன்னுருவாங்க."

கரும்புத் தோட்டத்துப் பாதையில் லாரி உறுமுவது கேட்டது. ராம்ஜதன் எழுந்தார்.

"வாங்கியாச்சு, பிரேம்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். காலில் நுழையவில்லை.

பிரேம்வதி வேர்க்கட்டைத் தூக்கிச் சாகியாசியின் மடியில் வைத்தாள்.

"வாங்கினது அவரு. நான் வாங்கல. நீயும் அந்த லாரியில ஏறு. அவரை உசுரோட கூட்டிக்கிட்டு வந்து, அப்புறம் இதை என் முன்னால வை."

லாரி வாசலில் நின்றது. சாகியாசி வேரை மார்போடு அணைத்துக்கொண்டு, ராம்ஜதனுக்கு முன்னால் போய் ஏறினான்.