இரண்டாவது சாட்சி

உறையின் முதுகில் இரண்டு கோடுகள் இருந்தன. ஓட்டுப் போடுகிறவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேர் அந்தக் கோடுகளில் தங்கள் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அலபாமாவில் தபால் ஓட்டு அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

எசெல் டார்வர் காலையிலிருந்து சமையலறை மேஜையில் அந்த உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் வாக்குச்சாவடி அவர்களுடைய தேவாலயக் கூடத்திலேயே இருந்தது. அதை மூடி, இருபத்திரண்டு மைல் தள்ளி நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். செலவு மிச்சமாம். அங்கே போய் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க, கம்பி வைத்த அவர் இடுப்பு ஒத்துக்கொள்ளாது.

போன தேர்தலில் முதல் கோட்டில் மனைவி வெர்சி எழுதினாள். இரண்டாவதில் பக்கத்து வீட்டு லீமன். லீமன் கிறிஸ்துமஸுக்கு முன்னால் போனான், வெர்சி ஈஸ்டருக்குப் பின்னால் போனாள். அந்த மண்சாலையில் ஆறு வீடுகள். நாலின் வாசலில் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. எண்பத்து நாலு வயது வரை இருந்துவிட்டால் இப்படி ஒரு சங்கடம். தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நம் கையெழுத்தைப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

நேற்று தபால் கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டுப் பார்த்தார். நல்ல பெண்தான்.

“டியூட்டியில இருக்கப்போ நான் போடக் கூடாதுங்கய்யா, வேலை போயிரும். நாளைக்கு மூணு மணிக்கு வருவேன். அப்பக் குடுத்தீங்கன்னா நேரத்துக்குப் போய்ச் சேரும். விட்டுட்டீங்கன்னா என்னால சொல்ல முடியாது.”

இன்றுதான் அந்த ‘நாளைக்கு’. ஒன்றரை மணிக்கு அவருடைய தேவாலயத்துக்காரி சிஸ்டர் ஒடெஸா சோள ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். சாலையில் ஆள் இருக்கும் இன்னொரு வீடு அவளுடையது.

“நான் ஒருத்தி ஆச்சு, பிரதர். இன்னொருத்தருக்கு என்ன பண்ணப் போறீங்க? கல்லறைக்குப் போய் லீமனைக் கூப்பிடலாமா?”

“உயிரோட இருந்தப்பவே மூணு தடவை கூப்பிட்டாத்தான் வருவான்.”

ஒடெஸா சிரித்தாள். பிறகு சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னாள்: “பெரிய ரோட்டுல என்னால ஓட்ட முடியாது, லாரியைப் பார்த்தாலே கை நடுங்குது. ஆத்துப் பக்கம் போனா ஆள் இருக்கிற வீடு ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பேரை நான் சொல்ல மாட்டேன்.”

சொல்ல வேண்டியதில்லை. அது கிரென்ஷா வீடு.

அறுபத்தைந்தாம் ஆண்டு ஜூலை மாதம் அந்த வீட்டு வராந்தாவுக்குக் கீழே எசெல் நின்றிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. கிழவர் கிரென்ஷாவின் மர அறுவை ஆலையில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். கறுப்பன் ஒருவன் வாக்காளர் பட்டியலில் பெயர் எழுத வேண்டுமென்றால், ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஒருவர் ‘இவன் நல்லவன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாவட்டத்தில் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். எசெல் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நீ நல்ல வேலைக்காரன், பையா. அதைக் கெடுத்துக்காத” என்றார் கிழவர். மறுநாள் காலையில் ஆலைக்குப் போனால் அவருக்கு வேலை இல்லை.

அடுத்த மாதமே அந்தச் சாட்சிக் கையெழுத்தை ஒழித்துப் புதுச் சட்டம் வந்தது. வாஷிங்டனிலிருந்து ஒரு அதிகாரி வந்து மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்தார். எழுதத் தெரியாத எசெல் அவர் முன்னால் பெருக்கல் குறி போட்டு வாக்காளர் ஆனார். அதற்குப் பிறகு ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. இன்றைக்கு அந்த மாவட்டத்து ஷெரிஃப் கறுப்பர், நீதிபதியும் கறுப்பர். வெள்ளைக் குழந்தைகள் மட்டும் இன்றைக்கும் மேட்டுத்தெருவில் தனியாகக் கட்டிய பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள்.

ஒவ்வொரு தேர்தல் நாளிலும் எசெல் அந்த ஜூலைக் கதையை வெர்சியிடம் சொல்வார். கிழவர் சொன்னதைவிட, கொசுவலைக் கதவுக்குப் பின்னால் பீச் பழம் தின்றபடி வேடிக்கை பார்த்த கிழவரின் மகன்தான் அவருக்கு மறக்கவில்லை. “முழங்கை வரைக்கும் சாறு வழிஞ்சுதா?” என்று வெர்சி எடுத்துக்கொடுப்பாள். “வழிஞ்சுது” என்பார். ஐம்பத்திரண்டாவது வயதில் இதே மேஜையில் அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

“வண்டியை எடு” என்றார் எசெல்.

ஒடெஸா காரைப் பெக்கான் மரத்தடியில் நிறுத்தினாள். “நான் இங்கயே இருக்கேன். அந்தாளு படியில என் செருப்பு படாது.”

“நான் கையெழுத்துப் போடறதை நீ பாக்கணுமே?”

“இங்கேருந்து நல்லாத் தெரியும். போங்க, மணி ஆவுது.”

கிழவரின் மகன் வெண்டெல் கிரென்ஷா வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி வலது காலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. முற்றத்தில் அவருடைய கட்சிப் பலகை வெயிலில் வெளுத்து நின்றது.

“எசெல்! என்ன, யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல. ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்.” ‘மிஸ்டர்’ என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

வெண்டெல் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உன் ஓட்டு என் ஓட்டைத் தின்னுரும். அதுக்கு நானே சோறு போடணுமா?”

“உங்க ஓட்டு மட்டும் பட்டினியா கிடக்கப் போகுதா?”

வெண்டெலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, உக்காரு. போடு, பாக்குறேன்.”

எசெல் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாக எழுதினார்.

“ஆலையில நீ பெருக்கல் குறிதானே போடுவ?”

“பின்னாடி கத்துக்கிட்டேன்.”

வெண்டெல் பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் கிறுக்கினார். “அவ்வளவுதானே?”

அவ்வளவுதான். கொசு அடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஐம்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கிடைக்காத ஒன்று இவ்வளவு லேசாகக் கைக்கு வந்ததில் எசெலால் எழுந்திருக்கவே முடியவில்லை.

“அறுபத்தஞ்சுல உங்கப்பாகிட்ட இதையேதான் கேட்டு வந்தேன்” என்றார்.

“அப்பா நியாயமான மனுஷன். போட்டிருப்பாரு.”

“போடல. வேலையை விட்டுத் துரத்தினாரு. நீ அந்தக் கதவுக்குப் பின்னால பீச் பழம் தின்னுக்கிட்டு நின்ன.”

வெண்டெல் முற்றத்தைப் பார்த்தார். “அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல, எசெல்.” கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

கிழவர் போய்விட்டார். லீமன் போய்விட்டான். தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கதையைக் கேட்டவளும் போய்விட்டாள். இந்த ஆளும் இல்லையென்று சொன்னால், அப்படி ஒரு நாள் இருந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் எசெலைத் தவிர ஒருவரும் இல்லை. அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

அப்போதுதான் பார்த்தார். மருந்துப் புட்டிகளுக்கு நடுவில் அதேபோல் இன்னொரு உறை கிடந்தது. இரண்டு கோடுகளும் காலி.

அவர் பார்த்ததை வெண்டெலும் பார்த்துவிட்டார். “பையன் டாலஸ்ல இருக்கான். வர்றேன்னு சொன்னான்.” கையெழுத்து வேண்டுமென்று கேட்காமல், ஒரு புட்டியை உறை மேல் நகர்த்தி வைத்தார்.

‘நீ நல்ல வேலைக்காரன், பையா. அதைக் கெடுத்துக்காத.’ கிழவரின் அந்த வாக்கியம் இத்தனை வருஷமும் காத்திருந்ததுபோல் எசெலின் வாய்க்கு வந்தது. அதைச் சொல்லாமல் வராந்தா ஓரத்துக்கு வந்தார். மரத்தடியைப் பார்த்துக் கத்தினார்.

“ஒடெஸா! இங்க வா! இன்னொரு கையெழுத்து வேணும்!”

“யாருக்கு?”

கைத்தடியால் காட்டினார். வெகுநேரம் கழித்துக் கார்க் கதவு திறந்தது. ஒடெஸா கடைசிப் படிக்குக் கீழே வந்து நின்றாள்.

“மேல வர மாட்டேன். நீரு போடும், பாக்கறேன்.” வெண்டெல் தன் உறையில் கையெழுத்திட்டார். “பாத்துட்டேன். ம், பேப்பரை இங்க குடுங்க.” கைப்பிடிச் சுவரில் வைத்து எசெலின் உறையிலும் வெண்டெலின் உறையிலும் எழுதினாள். “ஆண்டவரே, நான் பண்றது எனக்கே பிடிக்கல. உமக்காவது பிடிச்சா சரி.”

எசெலும் அடுத்த கோட்டில் தன் பெயரை எழுதினார். வெண்டெல் தன் உறையையும் தபாலில் போட அவரிடமே நீட்டினார். அவர்கள் மரத்தடிக்குப் போனபிறகு குரல் வந்தது.

“எசெல்!”

திரும்பினார்.

“பீச் இல்ல அது.”

“என்னது?”

“அது பீச் இல்ல. அத்திப்பழம்.”

நாற்காலி உள்ளே போனது. கொசுவலைக் கதவு படீரென்று சாத்திக்கொண்டது. வீட்டு மூலையில் ஒரு கிழட்டு அத்திமரம் இலை மஞ்சளித்து நின்றது. எசெல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒடெஸா ஹாரன் அடிக்கும் வரை.

வெண்டெலின் வாசல் தபால் பெட்டியில் அவருடைய உறையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. தன் பெட்டியில் உறையை வைத்து, எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். ஒடெஸா, கோழிகளுக்குத் தீனி போட வேண்டுமென்று போய்விட்டாள். தபால் வண்டி வந்தது. அந்தப் பெண் உறையை எடுத்துக்கொண்டு, கொடியை இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டுப் போனாள். புழுதி அடங்கும் வரை எசெல் வாசலில் நின்றார்.

பிறகு உள்ளே வந்து மேஜையில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியின் முதுகில் வெர்சியின் சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை ஈஸ்டரிலிருந்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சோள ரொட்டியைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார். சாப்பிடத் தோன்றவில்லை.

“பீச் இல்லையாம், வெர்சி” என்றார். “அத்திப்பழமாம்.”